ஒரே டிபிகான்டெக்ஸ்ட்ல ரெண்டு குவெரி: ட்ரான்சியன்ட் ஆக்கியும் எரர் போகல

கேள்வி:
அம்பத்தூர் எஸ்டேட் உதிரிபாக டீலருக்கான ஸ்டாக் ஆப். டாட்நெட் 8, ஈஎஃப் கோர் 8 (டேட்டாபேஸோட பேசற லைப்ரரி), எஸ்க்யூஎல் சர்வர். டேஷ்போர்டு கன்ட்ரோலர்ல இருப்பு, நிலுவை ஆர்டர் ரெண்டையும் டாஸ்க்.வென்ஆல் போட்டு ஒரே நேரத்துல எடுக்கிறேன். முதல் வேலை முடியறதுக்குள்ள அதே டிபிகான்டெக்ஸ்ட்ல (ஈஎஃப் கோர்ல டேட்டாபேஸ் வேலையை நடத்தற ஆப்ஜெக்ட்) இரண்டாவது தொடங்கிடுச்சுன்னு எரர். லோக்கல்ல சில நேரம் வர்றதே இல்ல. ஆட்டிபிகான்டெக்ஸ்ட்ல லைஃப்டைமை ட்ரான்சியன்ட் (கேட்கும்போதெல்லாம் புதுசு) ஆக்கியும் பயனில்ல.

பதில் 1:
கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்ல மார்ஸ் ஆன் பண்ணிப் பாருங்க ப்ரோ.

பதில் 2:
மார்ஸ் இதுக்கு உதவாது. அது ஒரே கனெக்‌ஷன்ல பல ரிசல்ட் செட் திறக்க விடும், அவ்வளவுதான். இங்கே தடுக்கறது ஈஎஃப் கோரே. டிபிகான்டெக்ஸ்ட் த்ரெட்-சேஃப் கிடையாது, ஒரே நேரத்துல ரெண்டு வேலை தாங்காது. ட்ரான்சியன்ட் ஏன் பலிக்கலன்னா, கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு கான்டெக்ஸ்ட்தான் வருது, ரெண்டு குவெரியும் அதையேதான் பிடிச்சிருக்கு. முதல்ல பழையபடி ஸ்கோப்டுக்கே (ரிக்வெஸ்ட்டுக்கு ஒண்ணு) மாத்துங்க.

வென்ஆலை எடுத்துட்டு ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா அவெய்ட் பண்ணுங்க. தலா 20 மில்லிசெகண்ட் எடுக்கற குவெரிக்கு பேரலல் வீண் வேலை. நிஜமாவே ரெண்டும் கனமான குவெரின்னா ஆட்டிபிகான்டெக்ஸ்ட்ஃபேக்டரி போட்டு, குவெரிக்கு ஒரு கான்டெக்ஸ்ட்டை கிரியேட்டிபிகான்டெக்ஸ்ட்அசிங்க்ல எடுங்க. அதை டிஐ (ஆப்ஜெக்ட்களை உருவாக்கிக் கொடுக்கற டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்) டிஸ்போஸ் பண்ணாது, அவெய்ட் யூசிங் கட்டாயம். கன்ஸ்ட்ரக்டர்ல வந்த கான்டெக்ஸ்ட்டுக்கு மட்டும் யூசிங் போடாதீங்க.

ஒரு கணக்கும் போட்டுக்கோங்க: பேரலலா 6 குவெரி, ஒரே நேரம் 20 பேர்னா 120 கனெக்‌ஷன். கனெக்‌ஷன் பூல் (மறுபடி பயன்படுத்த வச்சிருக்கற கனெக்‌ஷன் தொகுப்பு) வரம்பு இயல்பா 100. மிச்சம் வரிசையில நிக்கும். 15 விநாடிக்குள்ள இடம் கிடைக்கலன்னா டைம்அவுட்.

கேள்வி கேட்டவர்:
சரிதான், வரிசையா அவெய்ட் போட்டதும் நின்னுடுச்சு. இன்னொண்ணு: ஆர்டர் சேவ் ஆனதும் டாஸ்க்.ரன் போட்டு மெயில் அனுப்பறேன், அங்கே கான்டெக்ஸ்ட் டிஸ்போஸ் ஆயிடுச்சுன்னு வருது.

பதில் 3:
ரிக்வெஸ்ட் முடிஞ்சதும் ஸ்கோப் மூடிடும், கான்டெக்ஸ்ட்டும் அதோட போயிடும். மெயில் கோட் அப்புறம்தான் அதைத் தொடுது. உள்ளே ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரி வழியா புது ஸ்கோப் திறந்து, அதிலிருந்து கான்டெக்ஸ்ட் எடுங்க. என்டிட்டியைக் (ஆர்டர் ஆப்ஜெக்ட்டை) கொடுக்காம ஆர்டர் ஐடியை மட்டும் கொடுங்க. யாராவது ஸ்டாட்டிக் கான்டெக்ஸ்ட் வைக்கச் சொன்னா காதுல வாங்காதீங்க.

ஆனா டாஸ்க்.ரன்னே இங்கே ஆபத்து. ஐஐஎஸ் (விண்டோஸ் வெப் சர்வர்) ஆப் பூல் ரீசைக்கிள் ஆனா, அதாவது ஆப் மறுபடி தொடங்கினா, பாதி மெயில் சத்தமில்லாம காணாமப் போகும். ஆர்டரைச் சேமிக்கற அதே சேவ்சேஞ்சஸ்ல மெயில் டேபிள்ல ஒரு வரி எழுதிடுங்க. பேக்ரவுண்ட்சர்வீஸ் அதைப் படிச்சு அனுப்பட்டும். அது சிங்கிள்டன் (ஆப் முழுக்க ஒண்ணே ஒண்ணு)கறதால கன்ஸ்ட்ரக்டர்ல கான்டெக்ஸ்ட்டைக் கேட்கக் கூடாது, சுற்றுக்கு ஒரு ஸ்கோப்.