ஃபுளூம் ஆவ்ரோ சிங்க்: பினாங்கிலிருந்து கே.எல். சர்வருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அவசரம்

பாயான் லெப்பாஸ் இரவு (வெள்ளி, 10:52)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தொழிற்சாலையில் டெஸ்டர் மெஷின்கள் எழுதும் லாக் (பதிவுக் கோப்பு) எல்லாவற்றையும் ஃபுளூம் (லாக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் மென்பொருள்) வழியாக கோலாலம்பூர் சர்வருக்கு அனுப்ப வேண்டும். டெயில்டிர் சோர்ஸ் (லாக் ஃபைலைப் படிப்பது), மெமரி சேனல் (நடுவில் தேக்கி வைப்பது), ஆவ்ரோ சிங்க் (ஆவ்ரோ முறையில் வெளியே அனுப்புவது), அவ்வளவுதான். போன வாரம் இங்கேயே இரண்டு கணினிக்கு நடுவே வைத்துப் பார்த்தபோது நன்றாகப் போனது, இப்போது கே.எல். முகவரியைப் போட்டதும் எரர் மேல் எரராக வருகிறது, அந்தப் பக்கம் ஒரு வரி கூடப் போய்ச் சேரவில்லை. டெல்நெட் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போட்டால் இணைகிறது. நான்கு முறை ஏஜென்ட்டை (இங்கே ஓடும் ஃபுளூமை) நிறுத்தி ஓட்டிவிட்டேன். திங்கள் காலை ரிப்போர்ட் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் வாசி (10:59)

என்ன எரர்? "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்றா, "டைம்டு அவுட்" என்றா? ஃபுளூம் எந்தப் பதிப்பு? அந்தப் பக்கம் கேட்பது ஆவ்ரோ சோர்ஸ்தானா? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் எப்படிச் சொல்வது தம்பி?

வலைக்காரன் (11:03)

ஃபயர்வால்தான். தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து வெளியே போகும் போர்ட்டுகளை (இணைப்புக்கான வாசல் எண்களை) பெரும்பாலும் அடைத்துத்தான் வைத்திருப்பார்கள், 4545 எல்லாம் யாரும் திறந்து வைக்க மாட்டார்கள். ரெஃப்யூஸ்டு வந்தால் அங்கே யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம், டைம்டு அவுட் வந்தால் வழியில் யாரோ பாக்கெட்டை விழுங்குகிறார்கள். முதலில் நெட்வொர்க் ஆட்களைப் பிடியுங்கள்.

பழைய கை (11:10)

டெல்நெட் இணைகிறது என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், அதைப் படிக்காமலே ஃபயர்வால் என்கிறீர்கள்.

கேள்வி கேட்டவருக்கு: பயனர் கையேட்டை முழுதாகப் படித்தீர்களா, இல்லை உதாரணத்தை மட்டும் வெட்டி ஒட்டினீர்களா? கையேட்டில் ஆவ்ரோ சோர்ஸ் உதாரணத்தில் 4141 இருக்கும், ஆவ்ரோ சிங்க் உதாரணத்தில் 4545 இருக்கும். இரண்டையும் அப்படியே எடுத்தால் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. சோர்சுக்கு "சேனல்ஸ்" என்று பன்மை, சிங்குக்கு "சேனல்" என்று ஒருமை. ஓட்டும்போது கொடுக்கும் ஏஜென்ட் பெயரும் கன்ஃபிக் (அமைப்புக் கோப்பு) வரிகளின் முதல் சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆவ்ரோ சிங்க் ஆவ்ரோ சோர்சோடு மட்டும்தான் பேசும், த்ரிஃப்ட் என்ற வேறு முறையோடு பேசாது. இதெல்லாம் அரிச்சுவடி. இதைக்கூடப் பார்க்காமல் "அவசரம்" என்று தலைப்பில் போடுவதில் பயனில்லை.

பாயான் லெப்பாஸ் இரவு (11:21)

பழைய கை அண்ணே, நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் 4545தான். பதிப்பு 1.11.0. எரர் "அன்ஏபிள் டு டெலிவர் ஈவென்ட்" என்று தொடங்குகிறது, கீழே "ஃபெயில்டு டு சென்ட் பேட்ச்". ரெஃப்யூஸ்டு இல்லை. வாங்கும் பக்கம் வேறு டீம் பார்க்கிறது, அவர்கள் எல்லாம் சரி என்கிறார்கள். என் சிங்க் கன்ஃபிக்: டைப் ஆவ்ரோ, ஹோஸ்ட்நேம் கே.எல். முகவரி, போர்ட் 4545, பேட்ச் சைஸ் 100 (ஒரு தடவைக்கு 100 லாக் வரி). தேவையில்லாத வரிகளை விட்டுவிட்டேன்.

ஓடை (11:30)

இவ்வளவு சிரமம் எதற்கு? ஃபுளூமின் கடைசிப் பதிப்பு 2022ல் வந்ததுதான், 2024ல் திட்டமே செயலற்றது என்று அறிவித்துவிட்டார்கள். நடுவில் ஒரு காஃப்காவை (செய்திகளை வரிசையில் தேக்கி வைக்கும் மென்பொருள்) போட்டுவிடுங்கள். ஆவ்ரோ மாதிரி ஆர்பிசி (தூரத்துக் கணினியில் இருக்கும் ஃபங்ஷனை நேரே கூப்பிடுவது) என்றால் அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும், அந்தப் பக்கம் படுத்தால் இந்தப் பக்கமும் நின்றுவிடும். லாக் மாதிரி ஓயாமல் வரும் சமாச்சாரத்துக்கு வரிசைதான் சரி.

செந்தூல் வாசி (11:36)

ஓடை, வெள்ளி இரவு பதினொன்றரைக்கு ஒருவர் பைப்லைன் நிற்கிறது என்று வந்திருக்கிறார், அவரிடம் புதிதாக ஒரு கிளஸ்டர் (பல கணினிகள் சேர்ந்த அமைப்பு) கட்டச் சொல்கிறீர்கள். அப்புறம், ஆவ்ரோ சிங்க்குக்கு முன்னால் சேனல் இருப்பதே அதற்குத்தான். அந்தப் பக்கம் படுத்தால் ஈவென்ட் (ஒவ்வொரு லாக் வரியும்) சேனலில் நிற்கும், பேட்ச் போய்ச் சேர்ந்து பதில் வந்த பிறகுதான் சேனலிலிருந்து எடுபடும்.

ஓடை (11:41)

மெமரி சேனல் என்று எழுதியிருக்கிறாரே! அதில் நிற்பது நினைவகத்தில் நிற்பது, ஏஜென்ட்டை நிறுத்தினால் எல்லாம் போச்சு. பதில் வரும் வழியில் தொலைந்தால் அதே பேட்ச் மறுபடி போகும், அங்கே இரட்டையாக விழும். தூரத்தில் இருக்கும் ஒன்றை உள்ளூர் ஃபங்ஷன் மாதிரி கூப்பிடலாம் என்ற ஆசையிலேயே கோளாறு இருக்கிறது, இதை 1990களிலிருந்தே சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.

பழைய கை (11:47)

காஃப்காவிலும் ஒப்புதல் தொலைந்தால் அனுப்புபவர் மறுபடி அனுப்பத்தான் செய்வார். இரட்டிப்பைத் தடுக்க அங்கேயும் அதற்கென்று ஓர் ஏற்பாடு இயங்க வேண்டும். கருவியை மாற்றினால் நெட்வொர்க் மாறிவிடாது.

மீனா பட்டர்வொர்த் (11:52)

நீங்கள் மூவரும் தனியாக ஓர் இழை திறந்து இதைப் பேசுங்கள், நல்ல பேச்சுதான், நானும் வருகிறேன். இப்போது தம்பிக்கு.

ஒன்று, இனி ஏஜென்ட்டை நிறுத்தாதீர்கள். ஓடை சொன்னது உண்மை, மெமரி சேனலில் நிற்கும் ஈவென்ட் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அழிகிறது. டெயில்டிர் சோர்ஸ் "இதுவரை படித்தாயிற்று" என்று தன் பொசிஷன் ஃபைலில் குறித்துவிடும், அதனால் திரும்பப் படிக்காது. நான்கு முறை நிறுத்தினேன் என்கிறீர்களே, அந்த நான்கு முறையும் சேனலில் இருந்தது காணாமல் போயிருக்கும். பழைய லாக் ஃபைல்கள் இன்னும் மெஷினில் இருந்தால் மீட்கலாம், அதை அப்புறம் சொல்கிறேன்.

இரண்டு, வாங்கும் பக்கத்து லாக் வேண்டும். "எல்லாம் சரி" என்று வாயால் சொல்வது எனக்குப் போதாது. சோர்ஸ் ஓடும் கணினியில் ஃபுளூம் லாகை எடுத்து, நீங்கள் அனுப்பும் நேரத்தில் என்ன எழுதுகிறது என்று அப்படியே போடச் சொல்லுங்கள். எண் இருந்தால் எண்ணோடு.

மூன்று, தேவையில்லாத வரிகள் என்று எதை விட்டீர்கள்? அதையும் எழுதுங்கள்.

பாயான் லெப்பாஸ் இரவு (சனி, 12:34)

அக்கா, மன்னிக்கணும், அந்தப் பக்கம் ஆளைப் பிடிக்கவே நேரமாகிவிட்டது. அவர் அனுப்பிய வரி: "எக்ஸெஸிவ்லி லார்ஜ் லிஸ்ட் அலோகேஷன் ரிக்வெஸ்ட் டிடெக்டட்: 790644820 ஐட்டம்ஸ்! கனெக்‌ஷன் குளோஸ்டு." இது பத்து விநாடிக்கு ஒரு முறை வருகிறதாம். நான் ஒரு பேட்ச்சில் 100தான் அனுப்புகிறேன், 79 கோடி எங்கிருந்து வந்தது?

வலைக்காரன் (12:38)

மெமரி போதவில்லை. வாங்கும் பக்கம் ஜாவா ஹீப்பை (நிரலுக்கு ஒதுக்கும் நினைவகத்தை) 4 ஜிபி ஆக்கச் சொல்லுங்கள்.

மீனா பட்டர்வொர்த் (12:55)

ஹீப்பைத் தொட வேண்டாம். அந்த எண்ணைப் பாருங்கள்.

ஆவ்ரோ சோர்ஸ் ஒரு இணைப்பில் வரும் முதல் 4 பைட்டை வரிசை எண்ணாக எடுத்துக்கொள்ளும், அடுத்த 4 பைட்டை "எத்தனை துண்டு வருகிறது" என்ற கணக்காக எடுத்துக்கொள்ளும். வருவது ஆவ்ரோவே இல்லை என்றாலும் அப்படித்தான் படிக்கும், அதனால்தான் இப்படி ராட்சத எண் வருகிறது. 790644820ஐ நான்கு பைட்டாகப் பிரித்தால் 47, 32, 72, 84. சந்தேகம் இருந்தால் போட்டுப் பாருங்கள்: 47 × 16777216 + 32 × 65536 + 72 × 256 + 84. ஆஸ்கி (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும்) அட்டவணையில் 47 சாய்கோடு, 32 இடைவெளி, 72ம் 84ம் எச், டி. அதாவது யாரோ அந்தப் போர்ட்டுக்கு "கெட் / எச்டிடிபி" என்று, இணையப் பக்கம் கேட்பது போல, அனுப்புகிறார்கள். முதல் நான்கு எழுத்து கெட்டும் இடைவெளியும், அடுத்த நான்கு இது.

பத்து விநாடிக்கு ஒரு முறை தவறாமல் வருகிறது என்றால் அது மனிதர் இல்லை, முன்னால் இருக்கும் லோட் பேலன்சரின் (வரும் இணைப்புகளைச் சர்வர்களுக்குப் பங்கிடும் கருவி) ஹெல்த் செக், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. சர்வருக்கு முன்னால் லோட் பேலன்சர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உங்கள் டெல்நெட் சோதனைக்கும் மதிப்பில்லை, நீங்கள் தொட்டது லோட் பேலன்சரை, ஃபுளூமை இல்லை.

ஆனால் இது உங்கள் சிக்கல் இல்லை. இது ஹெல்த் செக்கின் எண். உங்கள் பேட்ச் போகும் நேரத்தில் வேறு எண் ஏதாவது வருகிறதா? விட்ட வரிகள் எங்கே?

பாயான் லெப்பாஸ் இரவு (1:12)

ஆமாம் அக்கா, லோட் பேலன்சர் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. இன்னொரு எண்ணும் வருகிறது, பத்து இலக்கம், நான் அனுப்பும் நேரத்தில் மட்டும். விட்ட வரி ஒன்றுதான்: கம்ப்ரெஷன் டைப் டெஃப்ளேட் (அனுப்பும் தரவைச் சுருக்குவது). இங்கிருந்து கே.எல். லைன் மெதுவாக இருக்கிறது என்று நேற்று மேலாளர் போடச் சொன்னார்.

பழைய கை (1:15)

நேற்று போட்ட வரியைத் தேவையில்லாத வரி என்று விட்டிருக்கிறீர்கள். கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது, சிங்கில் போடும் கம்ப்ரெஷன் டைப் சோர்சில் போட்டதோடு பொருந்த வேண்டும், எதுவும் போடாவிட்டால் "நன்", அதாவது சுருக்கம் இல்லை. முதல் பதிவிலேயே முழு கன்ஃபிக்கைப் போட்டிருந்தால் பதினொரு மணிக்கே முடிந்திருக்கும்.

மீனா பட்டர்வொர்த் (1:19)

அந்தப் பத்து இலக்க எண் இதனால்தான், நீங்கள் சுருக்கி அனுப்பும் பைட்டை அந்தப் பக்கம் துண்டுக் கணக்காகப் படிக்கிறது. அந்த டீம் ஒத்துக்கொள்ளாவிட்டால் டிசிபிடம்ப் (வலையில் போகும் தரவைப் பிடித்துக் காட்டும் கருவி) எடுத்து, இணைப்பு நிலைத்த பிறகு போகும் முதல் பைட்டைக் காட்டுங்கள். பதினறும எண்ணில் 78 என்று தொடங்கினால் சுருக்கிய தரவு, 16 என்று தொடங்கினால் எஸ்எஸ்எல் (மறையாக்கிய இணைப்பு), பூஜ்ஜியங்களாகத் தொடங்கினால் சாதாரண ஆவ்ரோ. உங்களுக்கு 78தான் வரும். இரண்டு பக்கமும் டெஃப்ளேட், அல்லது இரண்டு பக்கமும் எதுவும் இல்லை. லோட் பேலன்சரில் ஹெல்த் செக்கை எச்டிடிபியிலிருந்து டிசிபிக்கு (இணைகிறதா என்று மட்டும் பார்ப்பதற்கு) மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது அந்த சர்வரை நோயாளி என்று நினைத்து வெட்டிவிடக்கூடும்.

பழைய கை (1:24)

ஒன்று சேர்க்கிறேன், இதை மறந்தால் இன்றிரவே வேறு இடத்தில் உடையும். அந்த 4545க்கு வேறு கிளைகளிலிருந்தும் ஏஜென்ட்கள் அனுப்புகின்றனவா? ஒரு சோர்சுக்கு ஒரு கம்ப்ரெஷன் அமைப்புதான். உங்களுக்காக அங்கே டெஃப்ளேட் போட்டால் சுருக்காமல் அனுப்பும் மற்ற எல்லோரும் நின்றுவிடுவார்கள். வேறு போர்ட்டில் தனி சோர்ஸ் திறந்து அதே சேனலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஓடை (1:31)

பழைய கை சொன்னது சரி. எது எப்படியானாலும் மெமரி சேனலை ஃபைல் சேனலாக மாற்றுங்கள் தம்பி, அதையாவது இன்றே செய்யுங்கள். தரவு வட்டில் இருக்கும், நிறுத்தினாலும் போகாது. காஃப்கா பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் இன்றிரவுக்கு அது இல்லை.

பாயான் லெப்பாஸ் இரவு (3:47)

போய்விட்டது. ஜோகூர் கிளையும் 4545க்குத்தான் அனுப்புகிறதாம், அதனால் 4546ல் தனி சோர்ஸ் போட்டார்கள், டெஃப்ளேட்டோடு. டம்ப்பில் 78தான் இருந்தது. அக்காவுக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. ஷிப்ட் முடிகிறது, கிளம்புகிறேன்.

மீனா பட்டர்வொர்த் (காலை 8:05)

நல்லது. தொலைந்த நான்கு ரீஸ்டார்ட் கணக்கை மறக்காதீர்கள், திங்கள் ரிப்போர்ட்டில் அந்த நேரம் ஓட்டையாக இருக்கும். ஏஜென்ட்டை நிறுத்துங்கள் (சேனல் காலியான பிறகு), பொசிஷன் ஃபைலைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அந்த லாக் ஃபைல்களுக்கு எதிரே உள்ள இடக் குறிப்பைப் பின்னால் தள்ளி ஓட்டுங்கள். கொஞ்சம் இரட்டையாகப் போகும், அந்தப் பக்கம் மெஷின் எண்ணையும் நேரத்தையும் வைத்து வடிகட்டச் சொல்லுங்கள். மெஷின்கள் பழைய லாகை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று பார்த்தீர்களா?

செந்தூல் வாசி (ஞாயிறு, 9:40)

தம்பி, அக்கா கேட்டதற்குப் பதில்?