ஆள் உள்ளே இருக்கும்போது அலாரம்: செட்டிங் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். திருச்சியில் தனி வீடு, அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். 8 ஜோன் (சென்சார்களை இணைக்கும் தனித்தனிப் பிரிவு) வயர் அலாரம் பேனல் போட்டிருக்கிறோம். முன்கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல்களில் காந்த சென்சார். ஹாலில் அசைவைப் பிடிக்கும் பிஐஆர்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் ஒழுங்காக வேலை செய்கிறது. ராத்திரி ஸ்டே மோடில்தான் (ஆள் உள்ளே இருக்கும்போது போடுவது) தொல்லை. ஹால் சென்சாரும் விழித்திருக்கிறது. அப்பா பாத்ரூமுக்கு எழுந்தால் தெருவே எழுந்துவிடும். (பல்லி ஊர்ந்து அலறியது தனிக்கதை.) அந்த ஜோனை இன்டீரியர் என்று மாற்றினால் ஸ்டே மோடில் தானாக விலகிவிடுமாமே, அது மட்டும் போதுமா?

முன்கதவுக்கு 30 விநாடி டிலே (திறந்து அவ்வளவு நேரம் கழித்துத்தான் அலறும்), மற்றதெல்லாம் உடனடி என்று வைக்க நினைக்கிறேன். விடியற்காலையில் அம்மா கோலம் போடப் போகும்போது அலாரத்தை நிறுத்தும் நம்பரை அழுத்த நேரம் கிடைக்கும். ஆனால் அந்த 30 விநாடி திருடனுக்கும்தானே! வைத்திருப்பவர்கள் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

அப்புறம், வெயில் காலத்தில் ஸ்லைடிங் ஜன்னலை நாலு விரல் அளவு திறந்துவைத்தே ஆகவேண்டும். அந்த இடத்துக்கு நேராக இன்னொரு காந்தம் ஒட்டினால் பேனல் அதை மூடியதாகவே எடுத்துக்கொள்ளும் என்கிறார் எலக்ட்ரீஷியன். யாராவது செய்து பார்த்தீர்களா? படம் இருந்தால் போடுங்கள்.