வியோம்கேஷ் பக்‌ஷி: சைக்கிள் மணிக் காட்சியில் என்ன சொல்கிறார்?

(மர்மம் உடையும், தொடரைப் பார்க்காதவர்கள் தாண்டிப் போகலாம்.)

1993இல் தூர்தர்ஷனில் வந்த 'வியோம்கேஷ் பக்‌ஷி' என்ற இந்தித் துப்பறியும் தொடரின் 'ராஸ்தே கா காண்டா' பகுதியில் சிக்கிக்கொண்டு நிற்கிறோம். சைக்கிள் மணிக்குள் ஒளித்த கருவியிலிருந்து கிராமபோன் ஊசி பாய்ந்து நெஞ்சைத் துளைக்கிறது. மணியோசை அந்தச் சத்தத்தை மறைத்துவிடுகிறது. அபாரமான கற்பனை, ஆனால் நம்ப முடியவில்லை. காட்பாடியில் ஒரு கடையில் பழைய மணியைத் திறந்து பார்த்தோம். உள்ளே பற்சக்கரங்களும், நெம்புகோலைத் திருப்பி இழுக்கும் மெல்லிய சுருள்வில்லும்தான். அது ஊசியைத் துணிக்குள்கூட ஏற்றாது.

வியோம்கேஷாக நடித்த ரஜித் கபூர் கருவியை விளக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. எங்கள் இந்தி, ரயில் நிலைய அறிவிப்போடு நின்றுவிடும். வேலூரில் வங்காளிகளுக்கா பஞ்சம்? சிகிச்சைக்கு வந்து காந்தி ரோட்டு விடுதியில் தங்கியிருந்த பெரியவரிடம் கேட்டோம். வங்காள மூலக்கதையை ரசித்துச் சொன்னார். தொடரை அவர் பார்த்ததில்லை. இயக்குநர் பாசு சட்டர்ஜி அந்த இடத்தை மாற்றினாரா என்பது அதனால் தெளியவில்லை. நண்பர்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுவிடும் போலிருக்கிறது.

இந்தி நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மணிக்குள் தனியாக ஒரு வலுவான வில் பொருத்தப்பட்டிருந்ததாக அந்த வசனத்தில் வருகிறதா?