அறுபது இடத்தில் அடங்காத தமிழ்நாடு

நண்பர்கள் கூடி எழுத பிஎச்பிபிபி 2 என்ற இலவசக் கருத்துக்கள மென்பொருளைப் போட்டு ஓடிய ஒரு தளத்தைச் சில ஆண்டுகள் பராமரித்தேன். அந்தப் பதிப்பு வந்தது 2002 ஏப்ரலில். அடுத்த பெரிய பதிப்பான 3.0 வந்தது 2007 டிசம்பரில். ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு இந்த இடைவெளி அவ்வளவாக உறைத்திருக்காது. வதைபட்டது தமிழில் எழுதியவர்கள்தான்.

ஆங்கில மொழிப்பொதியோடு நிறுவினால் பக்கத்தின் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்ணாகச் சேமிக்கும் முறை, லத்தீன் எழுத்துகளுக்கு மட்டுமானது. எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடில் 'த' என்று தட்டினால் உலாவி அதை த என்று மாற்றி அனுப்பும். ஓர் எழுத்துக்கே ஏழு இடம் போயிற்று. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஆக 35 இடம். தலைப்புக்குத் தரவுத்தளத்தில் இருந்ததோ 60 இடம். 'தமிழ்நாடு' என்பதற்கு 63 வேண்டும்! நம் மாநிலத்தின் பெயரையே முழுசாகத் தலைப்பில் வைக்க முடியவில்லை என்பது இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. தேடலும் அப்படித்தான். ஆங்கிலச் சொல் கிடைக்கும், தமிழ்ச் சொல் கிடைக்காது. அதனால் எத்தனையோ நல்ல கட்டுரைகள் எழுதிய ஒரு வாரத்தில் கண்ணில் படாமல் புதைந்துபோயின.

தாமதம் மென்பொருள் எழுதியவர்கள் பக்கம் மட்டும் இல்லை. அவர்கள் ஊதியமில்லாமல் உழைத்த தன்னார்வலர்கள், 3.0-இல் யுடிஎஃப்-8 என்ற யுனிகோட் குறியாக்கம் முழுமையாக வந்ததற்கு இன்றும் நன்றி சொல்வேன். நிறுவியவர்கள் பக்கமும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. 'மாட்' என்று சொல்லும் கூடுதல் வசதி எதைச் சேர்ப்பதானாலும் மூல நிரலைத் திறந்து, இந்த வரியைத் தேடு, அதன் கீழே இதைச் சேர் என்று பெரும்பாலும் கையாலேயே திருத்த வேண்டும். அப்புறம் புதிய திருத்தம் வந்தால் அத்தனையையும் மறுபடி செய்யணும். யாருக்கு மனசு வரும்? 2004 டிசம்பரில் சாண்டி என்ற புழு, அதாவது தானே பரவும் தீநிரல், கூகுளில் தேடியே பிஎச்பிபிபி தளங்களைக் கண்டுபிடித்து அழித்தது. அதற்கான மருந்து 2.0.11 பதிப்பில் முந்தைய மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வசதி சேர்க்கும் நீட்சி முறை 3.1-இல், 2014-இல்தான் வந்தது.

பழைய காப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. புதிய பதிப்புக்கு மாற்றும்போது எண் வடிவில் கிடப்பதை எழுத்தாக்குவது சுலபம். பழைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியில் எழுதியவைதான் சிக்கல், ஏனென்றால் மாற்றுநிரல் அவற்றை லத்தீன் எழுத்து என்றே நினைத்து உருக்குலைத்துவிடும். முதலில் அவற்றைத் தனியே பிரித்து யுனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டு, மற்றதை அப்புறம் தொடுங்கள். மூலக் காப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.