32 புள்ளி எடுத்தவரா, 9 புள்ளி எடுத்தவரா? ஏழாவது மச் ஷீற்றை வைச்சு ஒரு விவாதம்

கொக்குவில் ஷூட்டர்:
எங்கட பக்கத்துக் கூடைப்பந்து ரூர்ணமென்றுகளில சிறந்த ஆட்டக்காரர் கப் கூடப் புள்ளி எடுத்தவருக்குத்தான் போறது. போன கிழமை மைதானத்தில இதைப் பற்றிக் கதை வந்து, அது பிழை எண்டு கொஞ்சப்பேர் நிண்டவை. அவைக்காக 2016 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதிப்போட்டித் தொடரின்ர ஏழாவது, கடைசி மச்சின்ர ஸ்கோர் ஷீற்றை எடுத்து வைக்கிறன். எங்களுக்குத் திங்கக்கிழமை விடிய அஞ்சரைக்குத் தொடங்கின மச். கிளீவ்லாண்ட் 93, கோல்டன் ஸ்டேட் 89.

அதில கோல்டன் ஸ்டேட்டின்ர டிரேமண்ட் கிறீன் 32 புள்ளி, 15 றீபவுண்ட் (விழாத ஷொட்டின்ர பந்தைப் பிடிக்கிறது), 9 அசிஸ்ட் (புள்ளி விழுற மாதிரிப் பாஸ் குடுக்கிறது). 15 ஷொட் அடிச்சு 11 விழுந்தது, த்ரீ பொயின்ற் (தூரத்துக் கோட்டுக்கு வெளியில இருந்து அடிக்கிற மூண்டு புள்ளி ஷொட்) 8இல 6. கிளீவ்லாண்டின்ர லெப்ரோன் ஜேம்ஸ் 27 புள்ளிக்கு 24 ஷொட் அடிச்சவர், விழுந்தது 9. அவற்ற ரீம் கைரி எர்விங் 23இல 10. அண்டைக்குக் கோர்ட்டில நிண்ட ஆக்களில ஆர் திறம் எண்டால் ஷீற் கிறீனைத்தான் காட்டுது. தோத்த பக்கம் எண்டபடியால் அவற்ற பேரை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. 1969 இறுதிப்போட்டியில லேக்கர்ஸின்ர ஜெரி வெஸ்ட் ஏழாவது மச்சில 42 புள்ளி, 13 றீபவுண்ட், 12 அசிஸ்ட். லேக்கர்ஸ் 108-106 எண்டு தோத்தும் எம்விபி (தொடரின்ர சிறந்த ஆட்டக்காரர் விருது) அவருக்குத்தான் குடுத்தவை. இலக்கத்துக்கு அந்த மரியாதை இருக்கவேணும்.

மானிப்பாய் சென்டர்:
எம்விபி முழுத் தொடருக்கும் குடுக்கிறது, தம்பி. அந்த ஏழு மச்சிலயும் லெப்ரோன் சராசரி 29.7 புள்ளி, 11.3 றீபவுண்ட், 8.9 அசிஸ்ட். ஸ்டீல் (பந்தைப் பறிக்கிறது), புளொக் (ஷொட்டைத் தட்டி விடுறது) உட்பட அஞ்சு கணக்கிலயும் ரெண்டு ரீமுக்கும் முதலாவது அவர்தான்.

அதை விடும். நீர் வைச்ச ஷீற்றிலயே பிளஸ் மைனஸை (ஒரு ஆள் கோர்ட்டில நிண்ட நேரம் அவற்ற ரீம் எத்தினை புள்ளி கூட, குறைவு எண்ட கணக்கு) பாத்தனீரோ? அண்டைக்கு ஆகக் கூட +19. அது கிளீவ்லாண்டின்ர கெவின் லவ். 9 புள்ளி, 9 ஷொட்டில 3. த்ரீ ஒண்டும் விழேல்லை. மச்சையே 4 புள்ளியாலதான் வெண்டவை, அவர் உள்ள நிண்ட நேரம் 19 புள்ளி கூட. அப்ப அவர் வெளியில இருந்த நேரம் 15 புள்ளி குறைவு. 14 றீபவுண்டும் அவருக்குத்தான், ரீம் மொத்தத்தில 48-39. உம்மட கப் முறையில லவ்வின்ர பேர் வரவே வராது.

கொக்குவில் ஷூட்டர்:
வரத் தேவையில்லை அண்ணை. பிளஸ் மைனஸ் ஒரு ஆளின்ர இலக்கம் இல்லை, அஞ்சு பேரின்ர இலக்கம். கோல்டன் ஸ்டேட்டுக்கு போகட் காயம், எஸீலியைத் தொடக்கத்தில இறக்கினவை. கடைசிக் குவார்ட்டரில கோல்டன் ஸ்டேட் 87-83 எண்டு முன்னுக்கு நிக்கேக்கை எஸீலி லெப்ரோனை த்ரீ அடிக்கேக்கை ஃபவுல் பண்ண, மூண்டு ஃப்றீ த்ரோவும் (ஃபவுலுக்குக் கிடைக்கிற, ஒருத்தரும் மறிக்காத ஷொட்) விழுந்தது. பிறகு அதே எஸீலிக்கு மேலால லெப்ரோன் ஒரு த்ரீ. கிளீவ்லாண்ட் 89-87. அந்த நேரம் கோர்ட்டில நிண்ட கிளீவ்லாண்ட் ஆக்கள் எல்லாருக்கும் +6 ஏறும். மற்ற நாலு பேரும் பாத்துக்கொண்டு நிண்டிருந்தாலும் ஏறும். ஒரே ஒரு மச்சின்ர பிளஸ் மைனஸை வைச்சு ஆளை எடை போடேலாது.

ஸ்கோர் மேசை:
ரெண்டு பேரும் ஆக்களைப் பற்றியே கதைக்கிறியள். ரீம் கணக்கைப் பாருங்கோ, அதிலதான் மச் கிடக்கு. கோல்டன் ஸ்டேட் 41 த்ரீ அடிச்சு 15 போட்டவை. கிளீவ்லாண்ட் 25இல 6. அதால மட்டும் கோல்டன் ஸ்டேட்டுக்கு 27 புள்ளி கூட. ரெண்டு பொயின்ற் ஷொட்டுக்கு வாங்கோ: கிளீவ்லாண்ட் 57இல 27, கோல்டன் ஸ்டேட் 42இல 17. அங்க 20 புள்ளி திரும்பி வந்திட்டுது. ஃப்றீ த்ரோ 25இல 21, மற்றப் பக்கம் 13இல 10. அதில 11. இருபதும் பதினொண்டும் முப்பத்தொண்டு, அதில 27 போக மிச்சம் நாலு. வெண்டதும் அந்த நாலாலதான்.

ஷொட்டை மட்டும் வைச்சுப் பாத்தால், த்ரீக்கு ஒண்டரை மடங்கு பெறுமதி போட்டுக் கணக்கெடுத்தாலும், கோல்டன் ஸ்டேட்தான் திறம் (47.6 வீதம், மற்றது 43.9). உள்ளுக்க போய் அடி வாங்கி ஃப்றீ த்ரோ லைனுக்குப் போனவைதான் வெண்டவை. லெப்ரோனுக்கு 24இல 9 எண்டு சொல்லுறீர், 10 ஃப்றீ த்ரோவில 8 போட்டதைச் சொல்லேல்லை.

இனி எங்கட ஊருக்கு வாறன். நான் மேசையில இருந்து எழுதுற ஆள். எங்களிட்ட இருக்கிறது ஃபிபா (உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம்) ஷீற். புள்ளி விழுந்தால் இலக்கத்துக்குக் குறுக்க ஒரு கோடு, ஃப்றீ த்ரோ எண்டால் கறுப்புப் புள்ளி, த்ரீ எண்டால் ஆட்டக்காரரின்ர நம்பரைச் சுத்தி வட்டம். பிறகு ஃபவுல், ரைம் அவுட். அவ்வளவுதான். விழாத ஷொட்டுக்கு அந்தக் கடுதாசியில இடமே இல்லை. றீபவுண்ட் இல்லை, அசிஸ்ட் இல்லை. கிறீன் 15இல 11 அடிச்சார் எண்டு நீர் புகழுற விசயமும் எங்கட ஷீற்றில தெரியாது தம்பி. 15 ஷொட்டில 20 புள்ளி எடுத்த பொடியனும் 30 ஷொட்டில 20 எடுத்த பொடியனும் அதில ஒண்டுதான்.

சுன்னாகம் 7:
அண்ணை சொன்ன ஷீற்றில என்ர பேருக்கு நேர என்ன இருக்கும் தெரியுமோ? ஃபவுல் மட்டும். எதிர் ரீமின்ர நல்ல ஆளைப் பிடிக்கிறது என்ர வேலை. முழு மச்சும் அவவைப் பந்து வாங்க விடாமல் நிண்டால் ஷீற்றில ஒண்டும் விழாது. ஒருக்கா கை பட்டால் உடன விழும்.

அந்த ஏழாவது மச்சிலயும் இதுதான் நடந்தது. 4 நிமிசம் 39 செக்கன் இருக்கேக்கை 89-89. அதுக்குப் பிறகு கோல்டன் ஸ்டேட் ஒரு புள்ளியும் எடுக்கேல்லை. லெப்ரோன் ஓடி வந்து கோல்டன் ஸ்டேட் இக்வடாலாவின்ர லேயப்பை (கூடைக்குக் கிட்டப் போய்ப் போடுற ஷொட்டை) போர்ட்டில அடிச்ச அந்த புளொக், ஷீற்றில அவற்ற மூண்டு புளொக்கில ஒண்டு, அவ்வளவுதான். கைரி த்ரீ போட்டாப் பிறகு கோல்டன் ஸ்டேட்டின்ர ஸ்டெஃப் கரிக்கு முன்னால தனிய மாட்டுப்பட்டது லவ். பெரிய உடம்பு, வெளியில வந்து கார்டை (பந்தைக் கொண்டு வாற வேகமான ஆளை) பிடிக்கிற ஆள் இல்லை. கரி வலம் இடம் எண்டு ஆட்டிப் பாத்தார், லவ் காலை நகத்தி நகத்தி விடாமல் நிண்டார், ஷொட் விழேல்லை. ஷீற்றில கரி 14 த்ரீயில 4. லவ்வின்ர பேருக்கு நேர ஒரு எழுத்தும் இல்லை. கப்பை முடிவு பண்ணின டிஃபென்ஸ் அது.

கொக்குவில் ஷூட்டர்:
அக்கா, நீங்கள் செய்யிற வேலை பெரிய வேலைதான், மறுக்கேல்லை. ஆனா அதுக்கு ஆர் புள்ளி போடுறது? கண்ணால பாத்துக் குடுக்கிறது எண்டால் கப் பேர் எடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போகும், இல்லாட்டி நடுவரோட பழக்கமான கோச்சின்ர பிள்ளைக்குப் போகும். ஒருத்தருக்கும் தெரியாத கிளப்பில இருந்து வாற பொடியன் 28 புள்ளி அடிச்சால் அதை மறைக்கேலாது, ஷீற்றில கிடக்கும். அந்த ஒரு பாதுகாப்பையும் எடுத்துப்போட்டு என்ன குடுக்கப்போறியள்?

மானிப்பாய் சென்டர்:
எடுக்கச் சொல்லேல்லை, கூட்டச் சொல்லுறம். என்பிஏயிலயே ஸ்டீலும் புளொக்கும் 1973-74 சீசனில இருந்துதான் எண்ணத் தொடங்கினவை. அதுக்கு முதல் விளையாடின பொஸ்ரன் சென்டர் பில் ரஸ்ஸல் எத்தினை புளொக் அடிச்சார் எண்டு கணக்கே இல்லை. எண்ணாமல் விட்டது அவையின்ர பிழை, ரஸ்ஸலின்ர குறை இல்லை.

ஸ்கோர் மேசை:
மேசையில இன்னொரு ஆளை இருத்தினால் காணும். ஒரு கொப்பி, ஒரு பென்சில். விழாத ஷொட், றீபவுண்ட், அந்த ஷொட் அடிக்கேக்கை முன்னால ஆர் நிண்டது. மூண்டு விசயம்.

கொக்குவில் ஷூட்டர்:
றீபவுண்டும் விழாத ஷொட்டும் சரி, அதில சண்டை வராது. முன்னால ஆர் நிண்டது எண்டதில வரும். ஸ்கிறீன் போட்டு (வழியை மறிச்சு), சுவிச் பண்ணினால் (பிடிக்கிற ஆக்கள் ஆளை மாத்தினால்) ஆற்ற பேரை எழுதுவியள்?

சுன்னாகம் 7:
பந்து கையை விட்டுப் போற நேரம் முன்னால நிக்கிற ஆளை. சுவிச்சில வந்தால் என்ன, லவ்வும் சுவிச்சிலதான் கரிக்கு முன்னால வந்தவர். அடுத்த மச்சுக்கு நான் விளையாடாத நேரம் கொப்பியோட வந்து இருக்கிறன், அண்ணை கதிரை ஒண்டு போட்டு விடுங்கோ.