கம்பிக்கோலத்தை முடிச்சு வரிப்படமாக்க எந்த மென்பொருள்? குறியீட்டிலயும் ஒரு சந்தேகம்

வாவிக்கரை:
வந்தாறுமூலையில கணிதம் படிக்கிறன். செயற்றிட்டத்துக்குப் புள்ளிக்கோலங்களை முடிச்சுகளாக (கணிதத்தில முடிச்சு என்றா முனையில்லாம மூடின ஒற்றை இழை) பார்க்கிறன். வரைஞ்சதும் டி.டி., பி.டி. குறியீடு (முடிச்சை எண்களால எழுதிற ரெண்டு முறை) ரெண்டும் தாற இலவச மென்பொருள் வேணும், விண்டோஸ் லெப்டொப். மற்றது, இடக்கை மூவிலை முடிச்சையும் (இழை மூன்று இடத்தில தன்னையே கடக்கிற எளிய முடிச்சு) அதின்ர ஆடி விம்பமான வலக்கையையும் கையால எண்ணினா ரெண்டுக்கும் 4 6 2 தான் வருது. எங்க பிழை?

பாண்டிருப்பான்:
பிழை இல்லை தம்பி. டி.டி. குறியீட்டில (டௌக்கர், திசில்த்வெய்ட், 1983) இழை வழியே நடந்து கடவைகளுக்கு (இழை இழையைக் கடக்கிற இடங்கள்) 1 முதல் 6 வரை இலக்கமிடுறம்; மூவிலையில 3 கடவை, ஒவ்வொன்றையும் ரெண்டு தரம் கடப்பம். ஒவ்வொரு கடவைக்கும் ஓர் ஒற்றை, ஓர் இரட்டை விழும். 1, 3, 5 உடன் சேர்ந்த இரட்டைகள்தான் 4 6 2. சுழற்சி இடஞ்சுழியா வலஞ்சுழியா என்றது அதில பதியவே இல்லை. அதால ஆடி விம்பம் பிரியாது.

பி.டி.யில பிரியும். கடவைகளுக்கு இடையில உள்ள துண்டுகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொரு கடவையிலும் கீழ் இழை உள்ளே வரும் துண்டில தொடங்கி இடஞ்சுழியாக நாலு எண் எழுதுங்க. இடக்கை மூவிலை: 1 4 2 5 / 3 6 4 1 / 5 2 6 3. மூன்று கடவையிலயும் 2ஆம், 4ஆம் எண்களை இடம் மாற்றினா வலக்கை: 1 5 2 4 / 3 1 4 6 / 5 3 6 2. வலஞ்சுழியா எழுதிற பழக்கம் இருந்தா முடிச்சு விம்பமா மாறிடும். கனபேர் சறுக்கிற இடம் இதுதான்.

ஒலுவில் வாசகி:
மென்பொருளுக்கு ஸ்னாப்பி (SnapPy) எடுங்க, இலவசம். வெற்று அடைப்புக்குறியோட மேனிஃபோல்ட் கட்டளையை, Manifold() என்று, கொடுத்தா பிலிங்க் (PLink) என்ற வரைசாளரம் திறக்கும். ஒவ்வொரு கிளிக்கும் ஒரு முனை. தொடங்கின முனையில திரும்பக் கிளிக் பண்ணினா வளையம் மூடும். கடவையில கிளிக் பண்ணினா மேல் கீழ் மாறும். கோலத்துக்கு அப்படி ஒவ்வொன்றாத் தட்டத் தேவையில்லை, டூல்ஸ் மெனுவில மேல்-கீழ்-மேல்-கீழ் ஆக்கிற கட்டளை இருக்கு. குறியீடுகள் இன்ஃபோ மெனுவில. படத்தை எஸ்.வி.ஜி. ஆகச் சேமிங்க, அச்சில கோடு உடையாது.

முதல்ல 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி வரைஞ்சு பாருங்க. கிடையாவும் நெடுக்காவும் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில ஒவ்வொரு கடவை, மொத்தம் 7. எட்டு, ஒன்பது வந்தா ஏதோ ஒரு வளைவு பக்கத்து இழையை வெட்டியிருக்கு. ஸ்னாப்பிக்கு அனுப்பி அடையாளம் கேட்டா முடிச்சு அட்டவணையில 7 கடவை முடிச்சுகளில 4ஆவது என்று சொல்லும், கனவளவு (முடிச்சைச் சுற்றின வெளியின்ர கனவளவு, முடிச்சை இனங்காண உதவும்) 5.1379. முடிச்சை இனங்காணப் பாவிக்கிற இன்னொரு கோவையான அலெக்சாண்டர் பல்லுறுப்பியை மட்டும் நம்பாதீங்க, அட்டவணையில 9 கடவை முடிச்சுகளில 2ஆவதுக்கும் அதுவேதான். மூவிலைக்கு இந்தக் கனவளவு வழி சரிவராது, அது அப்படியான கனவளவு உள்ள அதிபரவளைவு (hyperbolic) முடிச்சு இல்லை.

வாவிக்கரை:
நன்றி அக்கா, 7 சரியா வந்தது. மறுகா 2 வரிசை 4 புள்ளி போட்டா ரெண்டு நிறமாக் காட்டுது?

பாண்டிருப்பான்:
அது ஒரே இழை இல்லை. வரிசை எண், புள்ளி எண் ரெண்டினதும் பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுள் பெரியது) எத்தனையோ அத்தனை இழை; 2க்கும் 4க்கும் 2. அது முடிச்சில்ல, பிணைப்பு (ஒன்றுக்கு மேற்பட்ட மூடின இழைகள்). டி.டி.யும் இழைக்கொரு பட்டியலா வரும். ஒற்றை இழைதான் வேணுமென்றா 3க்கு 4 போடுங்க, 17 கடவை வரும்.