ஸ்டார்ம் சர்ஜ்: 'அலை' இல்லாத ஒரு சொல் வேண்டும்

சொல்லாக்கக் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

1900-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரை அழித்த ஹரிக்கேனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். ஹரிக்கேனுக்குச் 'சூறாவளி' என்று போட்டுவிட்டேன்; அதில் சண்டை வேண்டாம். நான் மாட்டிக்கொண்டு நிற்பது ஸ்டார்ம் சர்ஜில், அதாவது புயலின்போது கடல்மட்டமே உயர்ந்து கரையேறுவதில். நம் நாளிதழ்களில் ஒரு நாள் 'புயல் அலை', மறுநாள் 'ராட்சத அலை', அதற்கடுத்த நாள் 'கடல் சீற்றம்'. இந்த இழையில் இதுவரை வந்த ஒன்பது பரிந்துரைகளில் ஐந்தில் 'அலை' இருக்கிறது. அந்த ஐந்தையும் தள்ளிவிடச் சொல்லிக் கேட்கத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கால்வெஸ்டன், டெக்சாஸ் கரையை ஒட்டிய ஒரு மணல் தீவு. ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த, பணம் கொழித்த துறைமுகம். ஊரின் மேடான இடமே கடல்மட்டத்துக்கு மேல் ஒன்பது அடிகூட இல்லை. அங்கே அரசு வானிலை நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர் ஐசக் கிளைன். 1891-இல் அவர் உள்ளூர் நாளிதழில் எழுதினார்: இந்த ஊருக்குப் பெரிய சேதம் செய்யக்கூடிய புயல் அலையை எந்தச் சூறாவளியாலும் எழுப்ப முடியாது. இத்தனைக்கும் அதே கரையில் இருந்த இண்டியானோலா என்ற துறைமுகம் 1875-இலும் 1886-இலும் இரண்டு முறை அடிவாங்கி, ஆளில்லாத ஊராகிவிட்டிருந்தது. அதைப் பார்த்து கால்வெஸ்டன்காரர்கள் கடற்சுவர் கட்டுவதைப் பற்றிப் பேசினார்கள். பேச்சோடு நின்றது.

கிளைன் சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம். ஊருக்கு எதிரே கடலடி வெகுதூரம் வரை ஆழமில்லாமல் மெல்லச் சரிந்து போகிறது. எவ்வளவு பெரிய அலை வந்தாலும் அங்கேயே தரைதட்டி உடைந்துவிடும் என்றார்.

அலைக்கு அது சரியான கணக்கு. ஆனால் புயல் கரைக்குத் தள்ளிக்கொண்டு வருவது கடல்நீரையே. ஆழமான கடலில் காற்று மேலே தள்ளுகிற நீர் அடிவழியாகத் திரும்பிப் போய்விடும். ஆழம் குறைந்த இடத்தில் அந்த வழி அடைபடுகிறது. நீர் கரையோரம் குவிந்து மட்டம் ஏறுகிறது. ஊருக்கு அரண் என்று அவர் நினைத்த அதே கடலடிதான் நீரை உயர்த்திக் கொடுத்தது. வானிலையே தொழிலாகக் கொண்டவர் அவர். 'அலை' என்று நினைத்தார், அலைக்கான கணக்கைப் போட்டார்.

1900 செப்டம்பர் 8 காலையில் அவரே வாஷிங்டனுக்கு ஒரு தந்தி அடித்தார். தென்கிழக்கிலிருந்து கனத்த ஏறலைகள் வருகின்றன, ஊரின் தென்பகுதியில் கடற்கரையிலிருந்து மூன்று நான்கு தெருவரை நீர் ஏறிவிட்டது, எதிர்காற்று வீசும்போது நீர் இவ்வளவு உயர்ந்து இதற்கு முன் பார்த்ததில்லை என்று. தரைப்பக்கமிருந்து கடலைப் பார்த்துக் காற்று வீசுகிறது, கடல் பின்வாங்காமல் மேலே வருகிறது. அன்று முற்பகலில் பிள்ளைகள் தெருத்தண்ணீரில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

மாலை ஏழரை மணி வாக்கில் கிளைன் தன் வீட்டு வாசலில், பாதி திறந்த கதவருகே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் எட்டு அங்குலம் நிற்கிறது. நான்கு நொடியில் நான்கு அடி ஏறியது. நின்ற இடத்தைவிட்டு நகர்வதற்குள் நீர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது என்று பிறகு தன் அறிக்கையில் எழுதினார். கடல் 15 அடிக்கு மேல் உயர்ந்தது என்பது அவர் கணக்கு. அவர் வீடு பலமாகக் கட்டியது என்று நம்பி அக்கம்பக்கத்தார் சுமார் 50 பேர் அங்கே கூடியிருந்தார்கள். வெள்ளம் பெயர்த்துக்கொண்டு வந்த தண்டவாளப் பாலத் துண்டொன்று வீட்டை முட்டிச் சாய்த்தது. பிழைத்தவர்கள் 18 பேர். இறந்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர். ஊர் முழுவதிலும் 6,000 முதல் 12,000 பேர் என்பார்கள். பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 8,000.

இன்னொரு காட்சி. சில வீடுகளில் கோடரியை எடுத்துத் தங்கள் பலகைத்தரையைத் தாங்களே கொத்தி ஓட்டை போட்டார்கள். நீர் உள்ளே வரட்டும், வீடு மிதந்து போகாமல் இருக்கட்டும் என்று. அலைக்குப் பயந்தவன் கதவைச் சாத்துவான். தரையைக் கொத்துகிறவனுக்குக் கடல் ஏறுகிறது என்று தெரிந்திருக்கிறது.

இனி பரிந்துரைகள்.

> புயல் உறிஞ்செழுச்சி: காற்றழுத்தம் குறைவதால் கடல் உறிஞ்சப்பட்டு மேலெழுகிறது

நம்மில் பலர் இப்படித்தான் நினைத்திருக்கிறோம், நானும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றிரவு கால்வெஸ்டனில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம் 28.48 அங்குலப் பாதரசம், சுமார் 964 மில்லிபார். வழக்கத்தைவிட 50 குறைவு. மில்லிபாருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் கடல் உயரும், ஆக அரை மீட்டர், ஒன்றரை அடிச் சொச்சம். மீதிப் பதின்மூன்று அடியும் காற்றின் வேலை. உறிஞ்சலைப் பெயரில் ஏற்றினால் சின்னப் பங்காளிக்கு முழுச் சொத்தையும் எழுதிவைத்த மாதிரி.

> கடல்கோள்

அழகான சொல். ஆனால் கடல் கொண்டது என்றால் போனது போனதுதான், ஊர் திரும்பாது. இரண்டடி சர்ஜும் சர்ஜ்தான். 'நாளை கடலூரில் அரை மீட்டர் கடல்கோள்' என்று வானொலியில் சொன்னால் என்ன ஆகும்?

> புயற்பெருக்கு

புயல்கள் பெருகுவதாகத் தொனிக்கிறது. 'கடற்பெருக்கு' என்றாலோ நாள்தோறும் வருகிற ஏற்றவற்றத்தோடு குழம்பும்.

> புயலோதம்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, இதில்தான் தயக்கமும். ஓதம் என்று பாடநூல் சொல்வது நிலவும் கதிரவனும் இழுப்பதால் வருவதை. புயலுக்கு நிலவு தேவையில்லை.

என் பரிந்துரை: புயலேற்றம். புயலால் கடல்மட்டம் ஏறுவது. அடித்து நொறுக்குங்கள்.

— மதுரையிலிருந்து

*

வணக்கம்.

அலை வேண்டாம் என்பதோடு உடன்படுகிறேன். ஆனால் இரண்டு விசயம்.

ஒன்று, நீங்கள் ஓதம் என்பதை இலங்கையில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் வற்றுப்பெருக்கு என்றுதான் படித்தனாங்கள். புயல் என்ற சொல்லும் எங்களுக்குப் பேச்சில் பின்னால்தான். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்ததை இன்றைக்கும் எல்லாரும் 'சூறாவளி' என்றுதான் கதைப்பார்கள். ஆனபடியால் ஹரிக்கேனுக்கு மட்டும் சூறாவளி, வங்கக்கடலில் வருவதற்குப் புயல் என்று நீங்கள் பிரித்துவைத்தால் எங்கள் பக்கம் குழம்பும். 'ஏற்றம்' இரண்டு கரைக்கும் விளங்கும், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை.

இரண்டு, சொல்லின் மேல் இவ்வளவு பழி போடலாமோ தெரியாது. சைக்ளோன் என்ற சொல்லை ஆக்கியவர் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன். பாம்புச் சுருளை நினைத்துக் கிரேக்கத்திலிருந்து எடுத்து, 1848-இல் மாலுமிகளுக்கான கைநூலில் போட்டார். எங்கள் தொழில்தான் அவருக்கும்! அவரும் 'புயல் அலை' என்ற பொருள்பட 'ஸ்டார்ம் வேவ்' என்றே எழுதினார். ஆனால் அது வழக்கமான மட்டத்துக்கு மேலே தூக்கப்பட்ட நீர்த்திரள் என்று விளங்கித்தான் எழுதினார். வங்காளத்தில் மாட்லா ஆற்றோரம் கானிங் துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்றதும் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார், கடல் ஏறி ஊரையே மூடும் ஒரு நாள் வரும் என்று. ஒருவரும் கேட்கவில்லை. கட்டினார்கள். 1867-இல் புயல் வந்து துறைமுகத்தை முடித்துவிட்டது. பிடிங்டன் அதற்கு ஒன்பது வருடம் முந்தியே செத்துப்போனார். அலை என்று எழுதியும் சரியாகச் சொன்ன மனிசன் அவர்.

கோரிங்காவையும் மறக்கவேண்டாம். கோதாவரி முகத்துவாரத்தில் இருந்த துறைமுகம். 1789 டிசம்பரில் அடுத்தடுத்து மூன்று பேரலை வந்து ஊரை மூடியதாகத்தான் பதிவு இருக்கிறது. கண்டவர்கள் அலை என்கிறார்கள், நாங்கள் இல்லை என்பதோ?

— யாழ்ப்பாணத்திலிருந்து

*

தம்பிக்கு,

நான் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். 'புயலேற்றம்' என்றதும் எனக்கு முதலில் தோன்றியது கூண்டு. 'மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று ஐப்பசி வந்தால் பத்திரிகையில் வருமே, அது. மார்கழி வரைக்கும் நாங்கள் ஏற்றுவதும் இறக்குவதுமாகத்தான் கிடப்போம். உங்கள் சொல்லை அவசரத்தில் வாசிக்கிற எவனும் கூண்டு ஏற்றினார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வான். யோசியுங்கள்.

மற்றபடி சொல் சரியான சொல். எங்கள் ஆட்கள் யாரும் அலை வந்தது என்று சொல்ல மாட்டார்கள். 'கடல் ஏறிடுச்சு' என்பார்கள். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போனபோது என் பெரியப்பா ராமேஸ்வரத்தில் இருந்தார். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலை அப்படியே ஆட்களோடு கொண்டுபோனது. அவர் கடைசி வரைக்கும் சொன்னது, 'கடல் எழுந்து நடந்து வந்துச்சுடா, மேலே அலை தனியா ஆடிக்கிட்டிருந்துச்சு.' கடலும் அலையும் அவருக்கு வேறு வேறு. யாழ்ப்பாணத்து நண்பர் கேட்டதற்கு இதுதான் என் பதில்.

— நாகப்பட்டினத்திலிருந்து

*

நண்பர்களே, ஐயா,

பெரியப்பா சொன்னதை அப்படியே கட்டுரையில் சேர்க்க அனுமதி வேண்டும். பெயர் போட மாட்டேன்.

கூண்டுச் சிக்கலை நான் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு நாளாக அதையேதான் அசைபோட்டேன். 'கடலேற்றம்' என்று மாற்றினால் கூண்டு போய்விடும்; ஆனால் புயலும் போய்விடும். துருவப் பனி உருகிக் கடல்மட்டம் நூறாண்டில் மெல்ல உயர்வதற்கும் நாளைக்கு அதே சொல்லைத்தான் தேடுவார்கள். ஆகவே பெயராகப் புயலேற்றம், வாக்கியத்தில் கடலையும் கூடவே நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளலாமா? 'புயலேற்றத்தால் கடல் மூன்று மீட்டர் உயரலாம்' என்று எழுதினால் கூண்டு நினைவுக்கு வராது. தலைப்புச் செய்திக்கு மட்டும் ஆபத்து இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிடிங்டன் விஷயத்தில் தோற்றேன். சொல் தவறாக இருந்தும் அவர் கண் தப்பவில்லை. கட்டுரையில் 'அலை என்று நினைத்தார்' என்ற வரியைக் கொஞ்சம் அடக்கி எழுதுகிறேன். ஆனால் அவருடைய விளக்கத்தைப் படிக்காமல் பெயரை மட்டும் கேட்ட மாலுமிக்கு அலைதான் மனதில் வந்திருக்கும். நமக்கும் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ரகம்.

சொல்லுக்குப் பயப்பட்ட இன்னொரு கதையும் கால்வெஸ்டனில் உண்டு. ஹரிக்கேன் எச்சரிக்கை விடும் உரிமையை வானிலைத் துறையின் வாஷிங்டன் தலைமையகம் தன்னிடமே வைத்திருந்தது. தலைவர் வில்லிஸ் மூர் மக்கள் பீதியடைவார்கள் என்று அஞ்சியவர். கியூபாவில் பெலன் வானாய்வகத்து இயேசு சபைப் பாதிரிமார்கள் புயல்களை நன்றாகக் கணிப்பார்கள். அவர்களுடைய வானிலைத் தந்திகளை அந்த ஆகஸ்டில்தான் அமெரிக்கத் தரப்பு முடக்கியிருந்தது. வாஷிங்டன், புயல் வடக்கே திரும்பி அட்லாண்டிக் கரைப்பக்கம் போகும் என்று நம்பிக்கொண்டிருந்தது. ஹவானாவில் இருந்தவர்களோ அது வளைகுடாவுக்குள் போகிறது என்றார்கள்.

புயலோதத்தை விட்டுவிட மனமில்லாமல் இருந்தேன். அதற்கும் இடம் கிடைத்துவிட்டது. சர்ஜ் வேறு, ஸ்டார்ம் டைட் வேறு. புயல் மட்டும் ஏற்றுவது முதலாவது. அது அன்றைய ஓதத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மொத்தமாக எவ்வளவு உயரம் என்பது இரண்டாவது. உயர் ஓத நேரத்தில் புயல் கரைகடந்தால் ஏன் கூடுதல் பயம் என்பதை ஒரே வரியில் எழுதலாம்: 'மூன்று மீட்டர் புயலேற்றம் உயர் ஓதத்தோடு சேர்ந்ததால் புயலோதம் நான்கு மீட்டரைத் தொட்டது.' இலங்கைப் பாடநூல் வழக்கில் இதற்கு என்ன சொல்வது என்று யாழ்ப்பாணத்து நண்பர்தான் சொல்ல வேண்டும். 'புயல் வற்றுப்பெருக்கு' எனக்கே நாக்கில் நிற்கவில்லை.

சூறாவளி, புயல் பிரிவினையை எடுத்துவிடுகிறேன். புயல் என்ற சொல்லே திருக்குறளில் மழைக்குத்தான் நிற்கிறது. புயல் என்னும் வாரி குன்றினால் உழவர் ஏர் பூட்ட மாட்டார்கள் என்கிறது குறள். மழையிலிருந்து இவ்வளவு தூரம் நகர்ந்து வந்த சொல் அட்லாண்டிக் வரை போகாதா? கட்டுரையில் 'கால்வெஸ்டன் புயல்' என்றே வைக்கிறேன், ஹரிக்கேன் என்று முதல் தடவை மட்டும்.

வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன். வேறு மறுப்பு வராவிட்டால் முப்பத்திரண்டு இடத்திலும் மாற்றிவிட்டுப் பிரதியை இங்கே இடுகிறேன். நாகப்பட்டினத்து ஐயா கூண்டுக்காக ஒரு தடவை படித்துப் பார்த்தால் நல்லது.

— மதுரையிலிருந்து